ஏடன் செடியும் நோன்புப் பிள்ளையாரும்

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ரொம்ப சுலபம். ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தாம இருக்கணும்.

ஆமாங்க, ஊத்தாம!

எழுபதுகளோட கடைசி. திருவண்ணாமலையில ஒரு ஆபீஸ்ல நான் கிளார்க்கு. எங்க மேனேஜர் தணிகாசலம் சார், பம்பாய்ல இருக்கற பொண்ணோட பிரசவத்துக்காக ரெண்டு மாசம் லீவு போட்டிருந்தாரு. பொங்கல் முடிஞ்ச கையோட ஒரு நாள் சாயங்காலம் ஜட்கா வண்டியில எங்க வீட்டு வாசல்ல வந்து இறங்கினாரு. மடியில ஒரு மண் தொட்டி. பேரக் கொழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே எதையோ தூக்கிப் பழகறாரு போலன்னு நினைச்சேன்.

தொட்டியில ஒரு குச்சி. குச்சின்னு சொல்றதே மரியாதை. அடியில பானை மாதிரி உப்பின வயிறு. மேல நாலு மொட்டைக் கிளை. கிளை நுனியில, உழுந்துடலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு நாலஞ்சு பழுத்த இலை.

"மூர்த்தி, இது ஏடன்லருந்து வந்த செடி. என் மச்சான் அங்க துறைமுகத்துல வேலை பார்த்தான். லுங்கில சுத்திக் கப்பல்ல கொண்டாந்தான். மெட்ராஸ்ல கூட எவன்கிட்டயும் கிடையாது."

"பேரு என்ன சார்?"

"பேரா முக்கியம்? ஏடன் செடின்னு வச்சுக்கோ."

அப்புறம் வாசல்லயே நின்னுக்கிட்டுப் பாடம் எடுத்தாரு. ஆத்து மணலு, செங்கல் தூளு, கொஞ்சம் மக்கின எரு. அவ்ளோதான் இதுக்கு மண்ணு. நாள் பூரா வெயில் படணும். பனிக்காலத்துல இலையெல்லாம் கொட்டிடும், பயப்படக் கூடாது. ஊர்ல இருக்கற மத்த செடியெல்லாம் சோம்பல் முறிக்கறதுக்கு முன்னாடியே, இது மாசியில பூத்துடும். அதுவும் இலை விடறதுக்கு முன்னாடி, மொட்டைக் கிளையிலயே!

"மூணு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்யா. இந்த வருஷம் பூக்கும்னு தோணுது. தண்ணி மட்டும் ஊத்திடாதே. அது வயித்துலயே தண்ணி வச்சிருக்கு. மேல ஊத்தினா அழுகிடும். கிளைய ஒடிச்சா வர்ற பாலு விஷம், கையில படாம பார்த்துக்கோ."

"ஆபீஸ்ல இத்தனை பேரு இருக்கறப்ப, என்னை நம்பி..." எனக்குத் தொண்டை அடைச்சுது.

"உன் டேபிள் மேல ஒரு மணி பிளான்ட் இருந்துச்சே, தண்ணி இல்லாம காஞ்சு செத்துச்சே. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இதுக்கு நீதான் ஆளுன்னு."

தொண்டை உடனே சரியாயிடுச்சு.

மறுக்க முடியாத நிலைமை எனக்கு. ஓசூருக்கு ஒரு ஆளை மாத்தணும்னு மேலருந்து ஆர்டர் வந்திருந்துச்சு. யாருன்னு சார்தான் பேர் எழுதணும். என் பொண்டாட்டி வசந்தாவுக்கு அப்பதான் உள்ளூர் ஸ்கூல்ல டீச்சர் வேலை கெடைச்சிருந்துச்சு. "திரும்பி வந்து, செடியப் பார்த்துட்டு எழுதறேன்"னுட்டு சார் வண்டியேறிட்டாரு. அதுக்கு மேல தெளிவா ஒரு மனுஷன் மிரட்ட முடியாது.

எங்க வீட்டுப் பின்பக்கம் பூரா வேப்பமர நிழல். வெயில் படற ஒரே இடம் தெருவ ஒட்டின குட்டிச் சுவரு. அதுமேல தொட்டிய வச்சேன். என் அறிவுக்கு ஒரு மாலை போடணும். அந்தத் தெரு வழியாத்தான் பாதி ஊரு கிரிவலம் போவும்.

மறுவாரமே இலை பூரா கொட்டிடுச்சு.

"ஏங்க, செத்துடுச்சுங்க!"ன்னு வசந்தா சொம்போட ஓடி வந்தா.

"சாகல. அதோட சுபாவமே அதுதான்."

"ஒரு வாய் தண்ணி கூட குடுக்காம இது என்னங்க சுபாவம்? ஜெயில்ல கூட குடுப்பாங்க!"

சொம்பப் புடுங்கித் தண்ணிய நானே குடிச்சேன். அதுக்கப்புறம் தெனமும் காலையில சுவருக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டு, பேப்பர் படிச்சுக்கிட்டே காவல். செடிக்குத் தண்ணி ஊத்தாம இருக்கறதுக்கு ஒரு மனுஷன் இவ்ளோ பாடுபட்டது நம்ம ஊர்ல அதுதான் மொதத் தடவையா இருக்கும்.

மாசி பொறந்துச்சு. ஒரு நாள் காலையில எழுந்து பார்க்கறேன், மொட்டைக் கிளை நுனியில ரோஸ் கலர்ல மூணு பூ! ஒரு இலை கிடையாது. வெறும் குச்சியில யாரோ பூவ ஒட்டிவச்ச மாதிரி. சத்தியமா சொல்றேன், அழகுன்னா அழகு. ஓசூர் பஸ்ஸு என்னைய ஏத்தாம போயிடுச்சுன்னு மனசுக்குள்ள துள்ளினேன்.

அப்பதான் பால்கார கோவிந்தன் வந்தாரு. சைக்கிள நிறுத்தினாரு. தலைய இந்தப் பக்கம் சாய்ச்சுப் பார்த்தாரு, அந்தப் பக்கம் சாய்ச்சுப் பார்த்தாரு. செருப்பக் கழட்டினாரு.

"சார்! புள்ளையாரு!"

"எங்கய்யா?"

"தோ, வயிறு. தோ, தும்பிக்கை!"

நானும் அப்பதான் ஒழுங்கா கவனிச்சேன். மண்ணுக்கு மேல வந்திருந்த ஒரு வேரு, உப்பின வயித்து மேல படிஞ்சு, நுனியில இடப்பக்கமா சுழிச்சுக்கிட்டிருந்துச்சு. அவரு சொல்றதுக்கு முன்னாடி அது வேரு. சொன்னதுக்கப்புறம் எனக்கே அது வேராத் தெரியல.

"யோவ், இது செடிய்யா!"

"காஞ்ச குச்சில பூ பூக்குது. இன்னா சார் செடின்றீங்க?"

நான் கோட்ட விட்டது அங்கதான். சிரிச்சுட்டு உள்ள போயிட்டேன். கோவிந்தன் ஊர்ல பாதி வீட்டுக்குப் பால் ஊத்தறவரு. அந்தக் காலத்துல ரேடியோவ விட அவரு சீக்கிரம்.

மறுநாள் காலையில செடி வயித்துல குங்குமம். அதுக்கு மறுநாள் அருகம்புல்லு, வாழைப்பழம். அதுக்கப்புறம் எங்க ஹவுஸ் ஓனர் கனகம்மா, ரெண்டு குடம் தண்ணியோட வந்துட்டாங்க.

"அம்மா! அம்மா! தண்ணி ஊத்தக் கூடாதும்மா!"

"சாமிக்கு அபிஷேகம் பண்ணாம பட்டினி போடச் சொல்றியா தம்பி?"

சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு குடமும் காலி.

நான் படிச்சவன் இல்லியா? படிச்சவன் செய்யற வேலையச் செஞ்சேன். ஒரு அட்டையில பெருசா எழுதித் தொங்கவிட்டேன்: 'தண்ணீர் ஊற்றாதீர்கள்.'

மறுநாள் எல்லாரும் பால் கொண்டாந்தாங்க.

அட்டைய மாத்தினேன்: 'பாலும் ஊற்றாதீர்கள்.' இளநீ வந்துச்சு.

கடுப்பாகி மூணாவது அட்டை எழுதினேன்: 'எதையும் ஊற்றக் கூடாது!' ஆச்சரியக்குறி கூடப் போட்டேன். சாயங்காலம் ஆபீஸ்லருந்து வந்தா தெருமுனை வரைக்கும் வரிசை. நடுவுல நின்ன ஒரு அம்மாகிட்ட என்ன விஷயம்னு கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா தம்பி? நோன்புப் புள்ளையாரு! விரதம் இருக்காராம். ஒண்ணும் வாணாம்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரு. ரொம்ப சக்தி."

"அப்ப உங்க கையில என்னம்மா செம்பு?"

"விரதம் முடிக்கறதுக்குப் பன்னீரு."

சரி, நேரடியா உண்மையப் பேசிடலாம்னு சுவத்து மேல ஏறி நின்னேன். "ஐயா, அம்மா, இது வெளிநாட்டுச் செடி! ஏடன்லருந்து கப்பல்ல வந்தது!"

கூட்டம் அப்படியே நெகிழ்ந்துடுச்சு. "ஏடன்லருந்து அப்பன் ஊரத் தேடி கடல் தாண்டி வந்திருக்காரு பாரு!"ன்னு ஒருத்தர் கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

"இதோட பாலு விஷம்! கையில பட்டாலே ஆவாது!"

"இருக்காதா பின்ன? அப்பன் விஷத்தத் தொண்டையில வச்சாரு. புள்ளை வயித்துல வச்சிருக்காரு!"

இறங்கிட்டேன். நான் பேசப் பேச ஸ்தல புராணம்தான் வளர்ந்துக்கிட்டிருந்துச்சு.

கடைசி வழியா, கூட்டம் கொறைஞ்ச நேரமாப் பார்த்துத் தொட்டியத் தூக்கப் போனேன். கனகம்மா இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னாங்க.

"எங்க எடுத்துக்கினு போற?"

"உள்ள வைக்கறேம்மா. நனைஞ்சு நனைஞ்சு..."

"சாமி என் சுவத்து மேல வந்து ஒக்காந்திருக்காரு. அவரு கேட்ட எடம் அது. சாமி உள்ள போனா, நீங்க ரெண்டு பேரும் சாமான் சட்டியோட வெளிய போவணும். யோசிச்சுக்கோ."

தொட்டிய மெதுவா அங்கயே வச்சேன். அவங்களே அதுக்கு ஒரு மஞ்சத் துண்டு கட்டிவிட்டாங்க. வசந்தாவுக்கு வேற கஷ்டம். ஸ்கூல்ல பசங்க பரீட்சை பேனாவெல்லாம் அவகிட்ட குடுத்து, "டீச்சர், புள்ளையார்கிட்ட வச்சு எடுத்தாங்க"ன்னு விட்டுட்டாங்க. தெனமும் ஒரு பை பேனாவோட வருவா, போவா.

"நீங்க அன்னைக்கே என்னை ஒரு சொம்பு ஊத்த விட்டிருந்தா, அன்னைக்கே செத்திருக்கும். நிம்மதியா இருந்திருப்போம்"னா.

ஒரு நாள் செடியோட வயித்த அழுத்திப் பார்த்தேன். முன்னாடி கல்லு மாதிரி இருந்தது, இப்ப பழுத்த பப்பாளி மாதிரி மெத்துனு இருந்துச்சு.

போஸ்ட் ஆபீஸுக்கு ஓடி பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டேன். பாதி நாள் பெஞ்சுல தவம் கெடந்ததுக்கப்புறம் லைன் கெடைச்சுது. அந்தக் காலத்து டிரங்க் கால்ல கத்துற கத்துக்கு, போனே இல்லாம கூட பம்பாய்க்குக் கேட்டிருக்கும்.

"சார்! செடி பூத்துடுச்சு!"

"என்னது?"

"பூத்துடுச்சு சார்! ஆனா வயிறு..."

"வயிறா? எல்லாம் நல்லபடியா ஆயிடுச்சுய்யா! பேத்தி பொறந்துட்டா!"

"சந்தோஷம் சார்! செடிக்கு அடி வயிறு மெத்துனு..."

"பூ என்ன கலரு?"

"ரோஸு சார்! ஆனா..."

"ரோஸா! நான் இன்னிக்கே கிளம்பறேன்யா!"

"சார், வேணாம்..." லைன் கட்டாயிடுச்சு. ஆக மொத்தம், நான் காசு செலவு பண்ணி அவரை வரவழைச்சேன்.

காட்பாடியில ரயிலு இறங்கி, பஸ்ஸப் புடிச்சு, நேரா எங்க தெருவுக்கு வந்துட்டாரு. வாசல்ல கூட்டத்தப் பார்த்ததும் நான் செத்துட்டேன்னு நினைச்சாராம். 'ஐயோ, அப்ப செடிய யாரு பார்த்துக்கறது?'ன்னுதான் மொதல்ல தோணுச்சாம். பின்னாடி அவரே சொன்னாரு. மனசுல ஒளிவுமறைவே கிடையாது அவருக்கு.

கூட்டத்த விலக்கிக்கிட்டு முன்னாடி வந்தவரைக் கனகம்மா தடுத்தாங்க.

"பெரியவரே, வரிசைல வாங்க. செருப்ப அங்க விடுங்க."

"இது என் செடிம்மா!"

"வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பக்தி முத்திடுச்சுன்னா அப்படித்தான் தோணும்."

இங்க ஒண்ணு சொல்லியாகணும். சாருக்குச் சாமி, சாஸ்திரம் எதுலயும் நம்பிக்கை கிடையாது. ஆபீஸ்ல ஆயுத பூஜை அன்னைக்குப் பொரி கூட தொடமாட்டாரு. கோபுரத்துக்கு எதிர்லயே குடியிருந்தும் உள்ள கால் வச்சதில்ல. அப்பேர்ப்பட்டவரு, செருப்பக் கழட்டிட்டு, வரிசையில நின்னு, தன் செடிய தரிசனம் பண்ணாரு.

முன்னாடி வந்ததும் பூவப் பார்த்தாரு. முகம் மலர்ந்துச்சு. மஞ்சத் துண்டப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. நான் மலையப் பார்த்தேன். அப்புறம் செடி வயித்தத் தொட்டாரு. விரல் உள்ள போயிடுச்சு.

"மூர்த்தி," விரல வெளிய எடுத்தாரு. "கத்தி கொண்டா. அழுகின எடத்த இப்பவே வெட்டியாகணும். மேல ஏறிடுச்சுன்னா அவ்ளோதான்."

காய் நறுக்கற கத்தியக் கொண்டாந்து குடுத்தேன். கூட்டம் 'ஆ'ன்னுச்சு. கோவிந்தன் பாய்ஞ்சு சார் கையப் புடிச்சுக்கிட்டாரு.

"சாமி மேல கத்தி வைக்கறியா? இன்னாயா ஆளு நீ?"

"விடுய்யா! வெட்டலன்னா இது செத்துடும்!"

"சாமி எப்படிய்யா சாவும்?"

நியாயமான கேள்வி. கூட்டம் நெருக்கிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு பேரு சட்டைக்கையச் சுருட்டினாங்க. சார் செடியப் பார்த்தாரு, கூட்டத்தப் பார்த்தாரு, கண்ண மூடினாரு. மயக்கம் போடப் போறாருன்னு நினைச்சு நான் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன்.

"எனக்கு..."ன்னு ஆரம்பிச்சாரு. "எனக்கு ரயில்ல வரும்போது ஒரு கனவு வந்துச்சு."

சட்டைக்கையச் சுருட்டின ரெண்டு பேரும் அதை எறக்கி விட்டுக்கிட்டாங்க.

"யாரு வந்தாங்க?"ன்னு கனகம்மா.

"அவருதான்."

"அவருன்னா?"

வெளக்கெண்ணெய் குடிக்கற மாதிரி மொகத்த வச்சுக்கிட்டு சொன்னாரு. "பு... புள்ளையாரு."

"இன்னா சொன்னாரு?"

"ஊத்தி ஊத்தி எனக்குச் சளி புடிச்சுக்கிச்சு. தும்பிக்கை பூரா சீழு. நீ வந்து ஆபரேஷன் பண்ணுன்னாரு."

கோவிந்தன் இன்னும் கைய விடல. "இத்தினி பேரு தெனமும் கும்புடறோம். உன்கிட்ட எதுக்கு வந்து சொன்னாரு?"

"எனக்கென்னய்யா தெரியும்? நானே கும்புடறவன் கிடையாது. அவரைத்தான் கேக்கணும்!"

அந்த எரிச்சல்தான் அவரைக் காப்பாத்துச்சு. பொய் சொல்றவனா இருந்தா ஒரு காரணம் வச்சிருப்பான் இல்ல? கோவிந்தன் கைய விட்டுட்டாரு. "அண்ணாமலையாருக்கு அரோகரா!"ன்னு ஒரு குரல். தெரு பூரா "அரோகரா!"

பம்பாய்ப் பயண அழுக்குச் சட்டையோட, கண்ணுல தண்ணியோட, சார் வெட்ட ஆரம்பிச்சாரு. நல்ல சதை தெரியற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாச் செதுக்கணுமாம். வெட்டின எடத்துல வெள்ளையாப் பாலு வந்துச்சு. ஒரு அம்மா அதை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கப் போனாங்க. நான் குறுக்க உழுந்து தடுத்தேன். அந்த மாசத்துல நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

"காயம் காயணும். சாம்பல் வேணும்!"னாரு சார்.

சாம்பலுக்கு எங்க போறது? ஆனா சுவரு பூரா விபூதி குமிஞ்சு கெடந்துச்சு. கனகம்மா ஒரு தட்டோட நீட்டினாங்க. சார் ஒரு நிமிஷம் தயங்கினாரு. அப்புறம் கை நெறைய அள்ளி, வெட்டின எடத்துல அழுத்திப் பூசினாரு. பார்த்தவங்க எல்லாம் அழுதுட்டாங்க.

வேலை முடிஞ்சுது. கோவிந்தன் கிட்ட வந்து தலைய இந்தப் பக்கம் சாய்ச்சாரு, அந்தப் பக்கம் சாய்ச்சாரு.

"சார், இப்ப பார்த்தா சேனக்கெழங்கு மாதிரி இருக்குது."

வயித்தோட சேர்ந்து அழுகினது தும்பிக்கைதான். அது போனதும், மிச்சம் இருந்தது பாதி வயிறும் மொட்டைக் கிளையும். எல்லாரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. கனகம்மா மஞ்சத் துண்ட அவுத்து மடிச்சு எடுத்துக்கிட்டு, "சாமி மலையேறிட்டாரு"ன்னாங்க. நம்ம ஊர்ல அதுக்கு மேல பேச்சே கிடையாது. சாயங்காலத்துக்குள்ள தெரு காலி.

சார் செடிய வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயி, நிழல்ல சும்மா காய விட்டு, காயம் ஆறினதும் காஞ்ச மணல்ல நட்டு வச்சாரு. சித்திரையில அது துளிர் விட்டுச்சு. செடி பொழைச்சுக்கிச்சு.

சார்தான் மாட்டிக்கிட்டாரு.

கனவு விஷயம் ஆபீஸுக்கு வந்துடுச்சு. பியூன் முனுசாமி ஃபைலோட பொண்ணு ஜாதகத்தையும் சேர்த்து நீட்டினான். காலையில பல்லு வெளக்க வெளிய வந்தா வாசல்ல நாலு பேரு நிப்பாங்க. "நேத்து ஏதாச்சும் சொன்னாருங்களா?" ஒண்ணும் சொல்லலன்னு இவரு கத்தினா, "கோவமா இருக்காரு போல"ன்னு மறுநாள் தேங்காயோட வருவாங்க. முப்பது வருஷம் பகுத்தறிவு பேசின மனுஷன், தூங்கறதுக்கே பயந்துட்டாரு.

ஓசூருக்கு யாரை அனுப்பறதுன்னு மேலருந்து மறுபடி கேட்டாங்க. சார் தன் பேரையே எழுதி அனுப்பிட்டாரு.

வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மடியில தொட்டி, அதுமேல துணி போட்டு மூடி, ஜன்னலோரமா ஒக்காந்திருந்தாரு. எனக்கு முன்னாடியே ஒரு கூட்டம் வந்து பஸ்ஸுக்குத் தேங்காய் ஒடைச்சுக்கிட்டிருந்துச்சு. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாரு. பஸ் சத்தத்துல கேக்கல. கேக்காததே நல்லதுன்னு அவரு மொகத்தப் பார்த்தாலே தெரிஞ்சுது.

இப்ப அந்தச் செடிய நர்சரிக்கு நர்சரி அடீனியம்னு பேரு போட்டு, கலர் கலரா விக்கறாங்க. தாராளமா வாங்குங்க. மணல் ஜாஸ்தி, தண்ணி கம்மி, நல்ல வெயிலு, அவ்ளோதான், தானா வளரும். வீட்டுக்கு வர்றவங்க யாராச்சும் என்ன செடின்னு கேட்டா மட்டும், கத்திரிக்கான்னு சொல்லிடுங்க.